சேலியமேட்டில் என் சர்க்கரை மூன்று

மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரத்தான் புதுச்சேரிக்குப் போனேன். மாப்பிள்ளை அங்கே இல்லை. மெல்பர்னில், என் இளைய மகள் யாழினி வேலை பார்க்கிற கட்டடத்திலேயே இரண்டு மாடி தள்ளி இருக்கிறான். சதீஷ் என்று பெயர். இருவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். ஆனாலும், “பெரியவங்க நேர்ல வந்து பேசட்டும், அப்புறம் சொல்றேன்” என்று பையனின் அம்மா சொல்லிவிட்டாராம். பெரியவர்கள் என்றால் மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் நாங்கள் இருவர். என் கணவருக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. விமானத்தில் நாலு மணி நேரம் மடக்கி உட்காருங்கள் என்றால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லக்கூடியவர். ஆகவே, முப்பது வருடமாக நடத்தும் தையல் கடையை ஐந்து நாள் பூட்டிவிட்டு நான் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் யாழினி ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே எங்கள் ஊர் இருபது சென் காசு அளவில் ஒரு வெள்ளை வட்டு. அதை மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

“அம்மா, அங்கே போனா நீ கண்டதையும் சாப்பிடுவே. எனக்குத் தெரியணும்” என்றாள்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம். மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், மகளிடம் பொய் சொல்கிறேன். இந்த மூன்றாவதைத் தடுக்கத்தான் வட்டு. கிளினிக்கில் தாதி அதை என் இடது கையில் பதித்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். உள்ளே மயிர் மாதிரி ஒரு கம்பி தோலுக்கடியில் நிற்கும். அதன்மேல் ஒரு நொதி பூசியிருக்கிறார்கள். ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுத்தது. உடம்பில் ஆயிரம் சரக்கு ஓடினாலும் அந்த நொதி குளுக்கோஸ் ஒன்றைத்தான் பிடிக்கும். பிடிக்கும்போது துளி மின்சாரம் வரும். சர்க்கரை கூடினால் மின்சாரமும் கூடும். வட்டு அதை அளந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனுக்கு அனுப்பும், போன் மெல்பர்னுக்கு அனுப்பும். கோள் சொல்வதற்கென்றே ஒரு பூஞ்சையைப் படைத்திருக்கிறான் ஆண்டவன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் தாதி இரண்டு மூன்று எச்சரிக்கைகள் சொன்னார். அவருடைய சட்டைக் காலர் ஒருபக்கம் ஏறித் தைத்திருந்தது. என் கவனம் அங்கே போய்விட்டது.

வட்டு ஒட்டியது பெரிதில்லை. அதை மறைப்பதுதான் வேலை. என் மூத்த மகளுக்கு வந்த முதல் வரன், தேதி குறிக்கும்வரை போய், பையனின் அத்தை ஒருத்தி “சீனி வியாதிக் குடும்பமாமே” என்று கேட்டதில் கலைந்தது. பிறகு அவளுக்கு நல்ல இடம் அமைந்தது, அது வேறு கதை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. ஆகவே நாலு ரவிக்கை புதிதாகத் தைத்தேன். எல்லாம் முழங்கைக்குக் கீழே இறங்கும் கை, கடைசியில் இறுக்கமாக ஒரு கொக்கி. வெயிலுக்கு ஏற்ற உடை இல்லை என்பது தெரியும். மானத்துக்கு ஏற்ற உடை.

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் முதல் நாளே தப்பு செய்தேன். சதீஷ் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தான்: கடலூர் வண்டியில் ஏறி, கிருமாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து பாகூர் வழியாகச் சேலியமேடு. வீட்டிலிருந்து வண்டி அனுப்புகிறேன் என்றான். சம்பந்தி ஆகாத இடத்தில் முதல் நாளே வண்டி கேட்பது அழகில்லை என்று நான் மறுத்துவிட்டேன். எனக்கு நினைவில் தங்கியது “பாக்கம்” மட்டும்.

“பாக்கம் போகுமா?” என்று ஒரு கண்டக்டரிடம் கேட்டேன்.

“ஏறும்மா, ஏறு ஏறு” என்றார்.

அரை மணி நேரம் கழித்துத்தான் அது கூடப்பாக்கம் போகும் வண்டி என்று தெரிந்தது. கடல் பக்கம் போக வேண்டியவள் மேற்கே போய்க்கொண்டிருந்தேன். நான் கண்டக்டரிடம், “ஐயோ, அந்தப் பாக்கம் இல்ல லா!” என்றேன், எங்கள் ஊர் வழக்கில்.

“இன்னா லா?” என்றார் அவர். “இங்க சுத்தி எல்லாமே பாக்கந்தாம்மா. நீ எந்தப் பாக்கம்னு சொல்ல வேணாவா?”

வண்டியிலிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் என் விஷயத்தில் இறங்கினார்கள். ஒருவர் திரும்பிப் போகச் சொன்னார். ஒருவர் எந்த ஊர், யார் வீடு, என்ன விசேஷம் என்று மூன்று கேள்வியில் மாப்பிள்ளை வரைக்கும் வந்துவிட்டார். கடைசியில் வில்லியனூரில் இறங்கி, பாகூர் ரோட்டில் போகும் டெம்போவில் ஏறச் சொன்னார்கள். “கரிக்கலாம்பாக்கம் வழியா போவும்” என்று ஒரு அம்மா சொன்னதும் மொத்த வண்டியும் சிரித்தது.

வில்லியனூரில் ஒரு டீக்கடை. ஈப்போவில் “தே ஓ கோசோங்” என்றால் பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயம் வந்துவிடும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இங்கே, “சீனி போடாம ஒரு டீ” என்றேன். மாஸ்டர் உள்ளே திரும்பி, “ஒரு சுகர் டீ!” என்று கத்தினார்.

“இல்லைங்க, சீனி இல்லாம.”

“அதான்மா, சுகர் டீ. சுகர்காரங்க குடிக்கிற டீ.”

கடையிலிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், “எத்தினி இருக்குது?” என்றார், வயது கேட்பது போல. எங்கள் ஊரில் பதினோரு வருடம் மூடி மறைக்கப் பார்த்த ரகசியத்தை வில்லியனூர் ஒரு டீயில் முடித்துவிட்டது. சேலியமேட்டில் இனிப்பு டீதான் குடிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

டெம்போவில் எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதின்மூன்று பேர் இருந்தோம். சாலை நெடுக நெல்வயல், கரும்பு, செங்கல் சூளை, மதுக்கடை. தமிழ்நாட்டு எல்லை ஒவ்வொரு முறை கிட்டே வரும்போதும் மதுக்கடைகள் நெருக்கமாகின்றன. தையல்கடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். மூன்று.

சேலியமேட்டில் சதீஷின் அப்பா கலியமூர்த்தி சாலைக்கே வந்து நின்றார். கரும்பும் நெல்லும் போடுகிறவர், ஒல்லியானவர், கேட்டால்தான் பேசுவார். அம்மா அஞ்சலாட்சி கேட்காமலே பேசுவார். பருத்த உடம்பு, சத்தமான சிரிப்பு, இடது கால் கட்டைவிரலில் துணிக்கட்டு. வாசலில் கால் வைத்ததும், “வாங்க வாங்க, இன்னா இப்பிடி வேர்த்துப் போயிருக்கீங்க, இந்த வெயில்ல முழுக்கையா போடுவாங்க?” என்றார். எங்கள் ஊர்ப் பழக்கம் என்றேன். அது முதல் பொய்.

உட்கார்ந்ததும் சுழியம் வந்தது. வெல்லமும் கடலைப்பருப்பும் உள்ளே வைத்து, மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்தது. ஒன்று சாப்பிட்டேன். இன்னொன்று தட்டில் விழுந்தது. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதையும் சாப்பிட்டேன். மூன்றாவது பாதியில் இருக்கும்போது என் பைக்குள் போன் அலறியது. 14.1, எங்கள் ஊர்க் கணக்கில் ரொம்ப அதிகம், கூடவே மேல்நோக்கிய அம்புக்குறி. கூடவே மெல்பர்னிலிருந்து செய்தி: “அம்மா, என்ன சாப்பிடுறே?”

“யாரு?” என்றார் அஞ்சலாட்சி.

“கடையில வேலை செய்யிற பொண்ணு. பட்டன் எங்கே இருக்குன்னு கேட்கிறா.” அது இரண்டாவது பொய்.

அன்று சாயங்காலம்வரை என் கடையில் பட்டன் பல முறை தொலைந்தது.

இனிப்பு டீ, இனிப்புப் பால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாழைப்பழம். இவ்வளவு நடந்தும் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அஞ்சலாட்சி என் கணவரின் முழங்காலைப் பற்றிக் கேட்டார், ஈப்போவில் மழை பற்றிக் கேட்டார், யாழினி கருவாடு சாப்பிடுவாளா என்று கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்ல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுக்கும் பார்வை அது. என் தொழில் ஆயிற்றே, எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில் கலியமூர்த்தி தன் கரும்புக் கொல்லையைக் காட்டினார். திரும்பும்போது பாகூர் ஏரிக்கரை. எங்கள் ஊரில் இப்படியொரு தண்ணீர் இருந்தால் சுற்றிலும் நடைபாதை போட்டு, நுழைவுச்சீட்டு வைத்திருப்பார்கள். இங்கே மாடு குளித்துக்கொண்டிருந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது. நடந்ததில் சர்க்கரையும் 6.8க்கு இறங்கியிருந்தது. மெல்பர்னிலிருந்து கைதட்டும் பொம்மை வந்தது.

மதியம் மணப்பட்டுக் கடற்கரையிலிருந்து வந்த சங்கரா மீனைப் புளிக்குழம்பு வைத்திருந்தார் அஞ்சலாட்சி. ஈப்போ பாசாரில் நான் வாங்கும் மீன் ஐஸில் இரண்டு நாள் தவம் இருந்துவிட்டு வருவது. இது காலையில் வலையிலிருந்து வந்தது. குழம்பை மட்டும் தனியாக ஒருமுறை வாங்கிக் குடித்தேன். அந்த ஒரு விஷயத்தில் நான் நடிக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது.

சாப்பாடு முடிந்ததும் பின்கட்டில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை வெட்டினார்கள். நானும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்க உட்கார்ந்தேன். வேலை செய்கிற மாதிரி இருந்தால் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள் என்று கணக்கு. அது பலித்தது, ஒரே ஒரு சுளைதான் சாப்பிட்டேன். பிசினும் எண்ணெயும் போகக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். “செத்த நேரம் படுங்க” என்று அறையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். கலியமூர்த்தி என் போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டார். நான் வழக்கம்போல இடதுபக்கமாகத் திரும்பி, கையைத் தலைக்குக் கீழே மடக்கித் தூங்கிப்போனேன்.

வாயில் ஏதோ திணிக்கப்பட்டதில்தான் விழித்தேன்.

வெல்லம். கை முஷ்டி அளவு. அதை என் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருந்தது அஞ்சலாட்சியின் கை. அவருக்குப் பின்னால் கலியமூர்த்தி, அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர், வாசல்படியில் இன்னும் நாலைந்து பெண்கள்.

“கண்ணத் தொறந்துட்டாங்க!” என்று ஒருத்தி கத்தினாள்.

“முழுங்கும்மா, முழுங்கு!” என்றார் அஞ்சலாட்சி. அவருடைய இன்னொரு கையில் போன் இருந்தது. அதிலிருந்து சதீஷின் குரல்: “அம்மா, குடுத்தியா? ரெண்டு புள்ளி ஒன்பதும்மா! சீக்கிரம் குடு!”

நடந்தது இதுதான். நான் தூங்கிய அரைமணி நேரத்தில் வட்டு 2.9 என்று காட்டியிருக்கிறது. கூடத்தில் என் போன் கதறியிருக்கிறது. எல்லோரும் பின்கட்டில் பலாக்கொட்டையோடு இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மெல்பர்னில் யாழினி பார்த்துவிட்டாள். எனக்கு ஆறு முறை அழைத்துவிட்டு, அழுதுகொண்டே சதீஷை அழைத்திருக்கிறாள். அவன் அம்மாவை அழைத்திருக்கிறான். மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சர்க்கரை அளவு ஒரு கணக்கு, இந்தியாவில் வேறு கணக்கு. எங்கள் கணக்கில் 2.9 என்பது ரொம்பக் குறைச்சல், கவனிக்க வேண்டியது. சேலியமேட்டுக் கணக்கில் அது பிணம்.

“சுகர் மூணாமே!” என்று வாசலில் ஒருத்தி அடுத்தவளுக்குச் சொன்னது கேட்டது. “மூணு இருந்தா எப்பிடிடி கண்ணு தொறப்பாங்க?”

“பாரின்காரங்கடி. அவங்க ஒடம்பு வேற.”

வெளியே டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி எப்போது அறையை விட்டுப் போனார் என்று தெரியவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர் டிராக்டரைப் பின்னோக்கி வாசலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அவசரத்தில் டிரெய்லரைக் கழற்ற மறந்துவிட்டார். அது பக்கத்து வீட்டு வேலியில் ஏறியது. ஒரு ஆடு கத்தியது.

அந்த நேரத்தில் ஜெயமேரி வந்தார். ஊரின் ஆஷா பணியாளர். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறவர். தோளில் பை, முகத்தில் நிதானம்.

“எல்லாரும் கொஞ்சம் காத்து விடுங்க” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து விரலைத் துடைத்து, சுருக்கென்று குத்தி, ஒரு துளியைப் பட்டையில் ஏற்றினார். மிஷின் ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கியது. ஜெயமேரி எண்ணைப் பார்த்தார். மிஷினைத் தட்டினார். மறுபடி பார்த்தார்.

“நானூத்திப் பதினெட்டு.”

“மூணுலேர்ந்தா?” என்றார் அஞ்சலாட்சி. “ஒரு உருண்ட வெல்லத்துக்கா?”

எதிர்வீட்டுக்காரர் முன்னால் வந்தார். “நானூறா? என்கிட்ட நம்ம சுகர் மாத்திர இருக்குது. ரெண்டு போட்டா சர்ருனு எறங்கிடும். எடுத்தாரட்டா?”

நான் வெல்லத்தோடு தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று ஆட்டினேன், அவர் சரி என்று எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“யாரும் ஒரு மாத்திரயும் குடுக்கக் கூடாது!” ஜெயமேரி போட்ட அதட்டலில் அவர் அப்படியே நின்றார். “கொறவா இருக்கிறவங்களுக்கு மாத்திர குடுத்தா ஆளு காலி. எது நெஜம்னு மொதல்ல பாக்கணும். அம்மா, கை நடுங்குதா? பசிக்குதா? வேர்க்குதா?”

ஒருவழியாக வெல்லத்தை விழுங்கினேன். “நடுங்கல. பசிக்கல. வேர்க்குது. ஆனா அது ரவிக்கை.”

“மூணுங்கிறது?”

“எங்க ஊர்க் கணக்கு. அதைப் பதினெட்டால பெருக்கணும்.”

டிராக்டரை நிறுத்திவிட்டு வந்திருந்த கலியமூர்த்தி உடனே, “அம்பத்தி ரெண்டு, அம்பத்தி மூணு வரும். அதுவும் கொறச்சல்தானே?” என்றார். கரும்பு விற்பவருக்குப் பெருக்கல் தூக்கத்திலும் வரும் போலிருக்கிறது.

ஐம்பத்திரண்டா, நானூற்றுப் பதினெட்டா? ஒன்று உண்மையென்றால் வெல்லம் வேண்டும். மற்றது உண்மையென்றால் வெல்லம் விஷம். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வாசல்படிப் பெண்கள் மெல்பர்ன் பக்கம். எதிர்வீட்டுக்காரர் ஜெயமேரியின் மிஷின் பக்கம், மாத்திரையை எண்ணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாமல், நானும் ஒரு பார்வையாளர் போல உட்கார்ந்திருந்தேன். போனில் யாழினி அழுகிற சத்தம் வேறு.

ஜெயமேரி என் விரலைத் தன் மூக்கருகே கொண்டுபோனார்.

“பலாப்பழம் எடுத்தீங்களா?”

“ஆமா.”

“சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?”

“துணியில துடைச்சேன்.”

“அட ஆண்டவரே. பஞ்சுல தொடச்சா அது போவாது. பழத்துல இருக்கிற சக்கரயும் மிஷினுக்குச் சக்கரதான். அதுக்கு ரத்தம்னு தெரியுமா, பழம்னு தெரியுமா? போயி நல்லா சோப்பு போட்டுக் கழுவிக்கினு வாங்க.”

தொட்டிக்கு என்னை நாலு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள். துணி சோப்பில் மணிக்கட்டுவரை நானே கழுவினேன். கழுவும்போதுதான் தாதி சொன்னது நினைவுக்கு வந்தது, ஏறிய காலரோடு சேர்ந்து: “அந்தக் கைமேல அழுத்திப் படுக்காதீங்கம்மா, அழுத்தினா ரத்தம் சரியா போகாது, பொய்யாக் குறைச்சுக் காட்டும். சந்தேகம்னா கையைக் கழுவிட்டு விரல்ல பாருங்க.”

புது விரல், புதுப் பட்டை. ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று.

“நூத்தி எழுவத்தாறு” என்றார் ஜெயமேரி. “மீன்குழம்புச் சோறு சாப்ட்டா இருக்க வேண்டியதுதான். ஒண்ணும் இல்ல.”

அதற்குள் அஞ்சலாட்சி வேறொன்றைப் பிடித்துவிட்டார். “அந்த மூணு எங்கேர்ந்து வந்திச்சி? நம்ம வூட்ல ஒங்க வெரல யாரும் குத்தலியே. மெல்போர்ன்ல ஒக்காந்துக்கினு அந்தப் பொண்ணுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?”

இனி மறைக்க ஒன்றுமில்லை. கொக்கியைக் கழற்றிக் கையை மேலே சுருட்டினேன். அழுந்திச் சிவந்திருந்த தோலில் வட்டு அசையாமல் ஒட்டியிருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“இது இன்னாது, பட்டனா?” என்றார் கலியமூர்த்தி.

யாழினியிடம் இரண்டு வார்த்தை பேசி அழுகையை நிறுத்தினேன். கூட்டம் கலைந்தது. எதிர்வீட்டுக்காரர் ஆட்டைச் சமாதானப்படுத்தப் போனார். பின்கட்டில் நானும் அஞ்சலாட்சியும், பையை மூடிக்கொண்டிருந்த ஜெயமேரியும் மட்டும்.

“எத்தினி வருசமா?” என்றார் அஞ்சலாட்சி.

“பதினோரு வருசம்.”

“நேத்துலேர்ந்து மூணு சுழியம். ரெண்டு பழம். பாலு. நானே ஊட்டாத கொறயாக் குடுத்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என்னியப் பாவம் பண்ண வெச்சிட்டீங்களே.” குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்ததா, பயத்தில் உடைந்ததா தெரியவில்லை.

நான் மூத்தவளின் கதையைச் சொன்னேன். குறித்த தேதி, அந்த அத்தை, அந்தக் கேள்வி. அவள் மூன்று நாள் சாப்பிடாமல் அறையில் கிடந்தது. நான் பிறகு எந்த விசேஷத்துக்கும் போய் இனிப்பை வேண்டாம் என்று சொன்னதில்லை என்பது. சொல்லி முடித்தபோது அஞ்சலாட்சி எழுந்தார். பலாச்சக்கையை அள்ளி மாட்டுத் தொட்டியில் போடப் போனார். முடிந்தது என்று நினைத்தேன். யாழினிக்கு என்ன சொல்வது என்றுகூட மனதில் வரி அமைத்துப் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்தபோது ஜெயமேரி சொன்னார்: “அக்கா, வந்ததுதான் வந்துட்டேன். நீயும் வெரல குடு.”

“எனக்கு இன்னா? கல்லு மாரி இருக்கேன்.”

“இதத்தான் ரெண்டு வருசமாச் சொல்ற. கால்ல புண்ணு வந்து எத்தினி நாளாவுது? ஆறிச்சா?”

அஞ்சலாட்சி கட்டுப்போட்ட காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். நான் எழுந்து சோப்பை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். “என் கையைத்தான் ஊரே பார்த்துச்சு. உங்க கையை நான் ஒருத்திதானே பார்க்கப் போறேன்” என்றேன்.

அவர் சோப்பை வாங்கினார். அவ்வளவு நேரம் யாரும் கை கழுவி நான் பார்த்ததில்லை. நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு. ஜெயமேரி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஷின் இறங்கியது.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

“மறுபடியும் கழுவிக்கினு வா” என்றார், எப்போது வந்து நின்றார் என்று தெரியாத கலியமூர்த்தி. அஞ்சலாட்சி மறுபடி கழுவினார். வேறு விரல். முந்நூற்று ஒன்பது.

“இது பலாப்பழம் இல்லக்கா” என்றார் ஜெயமேரி மெதுவாக.

அஞ்சலாட்சி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். “எங்கம்மாவுக்கு இதுலதான் கால எடுத்தாங்க” என்றார், யாரையும் பார்க்காமல். “அதான் நான் யாருக்கும் வெரல குடுக்கிறதில்ல.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தாதி மாதிரி விளக்கமாகப் பேச எனக்கு வராது. என் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, எது காலை, எது ராத்திரி, எது வயிற்றைக் கலக்கும், எது கலக்காது என்று காட்டினேன். பதினோரு வருடத்தில் என் கால் இரண்டும் இருப்பதையும் காட்டினேன். என் காலை அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார், பித்த வெடிப்பு உட்பட. “கொஞ்சம் எண்ண தடவக் கூடாதா?” என்றார். அப்போது என் போன் மறுபடி அலறியது. உண்ட வெல்லம் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது: 14.6. மெல்பர்னிலிருந்து செய்தி: “அம்மா, இப்ப என்ன?”

“பட்டன் தொலஞ்சி போச்சின்னு எழுதுங்க” என்றார் அஞ்சலாட்சி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை, வெறும் வயிற்றில், நாங்கள் இருவரும் பாகூர் ஆஸ்பத்திரிக்கு டெம்போவில் போனோம். டிராக்டர் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து சொன்னோம். நான் முழுக்கை ரவிக்கையின் இடதுகையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தேன். டெம்போவில் ஒரு அம்மா வட்டைத் தொட்டுப் பார்த்து, “தாயத்தா?” என்றார். அஞ்சலாட்சி அவருக்குக் கரிக்கலாம்பாக்கம் ரோட்டிலிருந்து பாகூர்வரை விளக்கம் சொன்னார். பூஞ்சை, கம்பி, கரண்டு, மெல்போர்ன். அதில் பாதி தப்பு. நான் திருத்தவில்லை.

சீட்டு கொடுக்கும் ஜன்னலில் வரிசை நீளம். மெல்ல நகர்ந்தோம். அஞ்சலாட்சி என் முழங்கையைப் பிடித்தபடியே நின்றார். முன்னால் இருபது பேர் இருந்தபோது, “நெறய ரத்தம் எடுப்பாங்களா?” என்று கேட்டார். பத்துப் பேர் இருந்தபோதும் கேட்டார். ஜன்னலருகே வந்ததும் உள்ளே இருந்த பெண் ஜெயமேரி எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தபடி, தலைநிமிராமல் பெயர், வயது, ஊர் என்று கேட்டு எழுதினார்.

“சக்கர டெஸ்ட்டா? புண்ணு வேற இருக்குது. தனியா வந்தீங்களா?”

“இல்ல, கூட ஆளு வந்திருக்கு.”

“யாரு? இன்னா ஒறவு?”

நான் ‘தெரிஞ்சவங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு நாளாக யாரும் எடுக்காத பேச்சு அது, நான் எப்படி எடுப்பேன்?

“சம்பந்தி” என்றார் அஞ்சலாட்சி.

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். நான் அஞ்சலாட்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சீட்டை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

“இன்னா பாக்குற? தோ, ஃபேனுக்குக் கீழ எடம் இருக்குது. போயி குந்து.”